புதினாக் குடும்பத்தின் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள்: சட்டியிலும் உடலிலும் அவை செய்வது என்ன?

தென்னாப்பிரிக்காவின் பேரங்காடிகளில் தேநீர்ப் பொட்டலங்கள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசையில் ‘ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது’ என்ற வாசகம் கண்ணில் படாமல் நடந்துவிட முடியாது. கேப் மலைப்பகுதியின் ரூயிபாஸ் தேநீரைக் கொண்டு இந்நாட்டு மக்களிடையே பரவிய அந்தச் சொல், இப்போது துளசித் தேநீர், புதினாத் தேநீர், ரோஸ்மேரிச் சாறு அடைத்த மாத்திரைகள் என்று வேறு பொருள்களின் மேலும் அச்சிடப்படுகிறது. ரூயிபாஸ் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. அதன் வேதியியல் தனிக் கதை. ஆனால் டர்பனிலும் சாட்ஸ்வர்த்திலும் டொங்காட்டிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் முற்றத்திலும் சமையலறையிலும் தலைமுறை தலைமுறையாக இடம்பிடித்திருக்கும் துளசி, புதினா, கற்பூரவல்லி ஆகிய மூன்றும், பிரியாணியிலும் பருப்பிலும் சேரும் தைமும், பிராய் என்னும் திறந்தவெளி நெருப்பில் வாட்டும் ஆட்டிறைச்சியின் மேல் தூவும் ரோஸ்மேரியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தாவரவியலில் லேமியேசி என்று பெயர் பெற்ற புதினாக் குடும்பம் அது.

இந்தக் குடும்பத்து இலைகளில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சேர்மங்கள் ஏராளமாக உள்ளன என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பி’ என்பது ஒரே பொருளின் பெயரன்று. அது ஒரு வேலையின் பெயர். அந்த வேலையை எந்தச் சேர்மம் செய்கிறது, அது நீரில் கரைவதா எண்ணெயில் கரைவதா, இலையில் செய்வதா சட்டியில் செய்வதா நம் குருதியில் செய்வதா என்று பிரித்துப் பார்க்காமல், ‘நிறைய இருக்கிறது, ஆகவே நல்லது’ என்று சொல்லிவிடுவதால்தான் இந்தத் துறையில் இவ்வளவு குழப்பம் நிலவுகிறது. பொட்டலத்தின் மேல் அச்சிட்ட வாசகம் நம் உடலைப் பற்றிப் பேசுகிறது. மிக உறுதியான சான்றுகளோ பெரும்பாலும் எண்ணெயையும் இறைச்சியையும் பற்றியவை.

முதலில் குடும்பத்தைப் பார்ப்போம். ஏறத்தாழ 7,000 சிற்றினங்களையும் 230-க்கும் மேற்பட்ட பேரினங்களையும் கொண்ட பெரிய குடும்பம் இது. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் எர்ட்மன் 1945-இல் இக்குடும்பத்தின் மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, மூன்று பிளவுகள் கொண்ட மகரந்தம் உடையவை, ஆறு பிளவுகள் கொண்ட மகரந்தம் உடையவை என்று இரு பெரும் பிரிவுகளாக வகுத்தார். மகரந்தத்தின் வடிவத்தை மட்டும் வைத்துச் செய்த இந்தப் பிரிவினை பின்னாளில் வேதியியலோடும் பொருந்திப்போனது வியப்புக்குரியது. ஆறு பிளவு மகரந்தம் கொண்ட பிரிவில்தான் புதினா, துளசி, தைம், ரோஸ்மேரி, சேஜ், கற்பூரவல்லி முதலிய நறுமண இலைகள் எல்லாம் அடங்குகின்றன. ரோஸ்மாரினிக் அமிலம் பரவலாகக் காணப்படுவதும் அந்தப் பிரிவில்தான். மற்றப் பிரிவில் பொதுவாக அது இருப்பதில்லை.

இந்த வேறுபாடு தென்னாப்பிரிக்காவில் வாழ்பவர்களுக்கு நடைமுறைப் பொருள் உடையது. டர்பன் அமைந்திருக்கும் க்வாஸுலு-நட்டால் மாகாணத்தின் சாலையோரங்களிலும் புல்வெளிகளிலும் செம்மஞ்சள் பூக்களை அடுக்கடுக்காகச் சூடி நிற்கும் ‘வைல்ட் டாகா’ என்னும் லியோனோடிஸ் செடியும் புதினாக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஸுலு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்படும் செடி அது. அதன் தண்டும் புதினாத் தண்டைப் போலவே சதுரமானது. ஆனால் அது எர்ட்மனின் மற்றப் பிரிவில் சேர்வதால், அதன் இலையில் புதினாவின் வேதியியலை எதிர்பார்க்கக் கூடாது. மருபியின் என்னும் கசப்பான சேர்மம் (டைட்டர்பீன் என்னும் வேதி வகையைச் சேர்ந்தது) போன்ற வேறு சேர்மங்களே அதன் அடையாளம். ஒரே குடும்பம் என்ற காரணத்தைக் காட்டி ஒரு செடியின் பயனை இன்னொரு செடியின்மேல் ஏற்றிச் சொல்வது எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ரோஸ்மாரினிக் அமிலத்தை 1958-இல் ஸ்கார்பாட்டி, ஓரியெண்டே என்னும் இத்தாலிய வேதியியலாளர் இருவர் ரோஸ்மேரியிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தனர். பெயர் ரோஸ்மேரியிலிருந்து வந்தாலும், புதினாவிலும் துளசியிலும் தைமிலும் இச்சேர்மம் தாராளமாக உண்டு. செடி இதை இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து தொடங்கிக் கட்டுகிறது: ஃபீனைல் அலனினிலிருந்து ஒரு பாதியும், டைரோசினிலிருந்து மறு பாதியும் உருவாகி, கடைசியில் இரண்டும் இணைகின்றன. வீட்டு முன்புறத்தில் வண்ண இலைகளுக்காக வளர்க்கும் கோலியஸ் செடியின் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஜெர்மானிய ஆய்வாளர்கள், 1970-களில் அச்செல்களின் உலர் எடையில் பத்து சதவீதத்துக்கும் மேல் இந்த அமிலம் சேர்வதைக் கண்டனர். அது உருவாகும் படிகளைத் துலக்கியதும் பெரும்பாலும் அச்செல்களைக் கொண்டு நடந்த ஆய்வுகளே.

அந்த மூலக்கூறின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பென்சீன் வளையமும், ஒவ்வொரு வளையத்திலும் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளும் இருக்கின்றன. கேட்டிகால் என்று வேதியியலார் குறிப்பிடும் இந்த அமைப்பில்தான் திறமெல்லாம் அடங்கியிருக்கிறது. எண்ணெயின் கொழுப்பு அமிலத்திலிருந்து ஒரு ஹைட்ரஜன் பறிபோகும்போது, இணையற்ற எலக்ட்ரான் கொண்ட தனி உறுப்பு ஒன்று உண்டாகிறது. அது ஆக்சிஜனுடன் சேர்ந்து பெராக்சில் தனி உறுப்பாகி, பக்கத்திலுள்ள கொழுப்பு மூலக்கூறிலிருந்து இன்னொரு ஹைட்ரஜனைப் பறிக்கிறது. அந்த மூலக்கூறும் தன் அண்டை மூலக்கூறைத் தாக்குகிறது. கூரைக்குக் கூரை தாவும் தீயைப் போல இது பரவுகிறது. கேட்டிகால் தொகுதி தன் ஹைட்ரஜனை எளிதில் கொடுத்துவிடும். கொடுத்த பின் தானும் ஒரு தனி உறுப்பாகிறது என்றாலும், அந்த இணையற்ற எலக்ட்ரான் வளையம் முழுவதும் பரவி நிற்பதால், அடுத்த மூலக்கூறைத் தாக்கும் வேகம் அதற்கு இல்லை. சங்கிலி அங்கே அறுபடுகிறது. இதற்கும் மேலாக, அடுத்தடுத்து நிற்கும் அந்த இரு ஹைட்ராக்சில்களும் இரும்பு, செம்பு அயனிகளைப் பற்றிக்கொள்கின்றன. ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிவிடுவதில் இந்த உலோகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், அவற்றைப் பிடித்து வைப்பதும் ஒரு தடுப்பு வேலையே. இந்தப் பிடிப்புக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. அதைப் பின்னால் பார்க்க வேண்டும்.

இந்த வேதியியலைச் சமையலறையிலேயே கண்ணால் காணலாம். புதினாச் சட்டினியை அரைத்துக் கிண்ணத்தில் வைத்தால், மேற்பரப்பு சிறிது நேரத்தில் கருக்கத் தொடங்குகிறது. கரண்டியால் கிளறினால் அடியிலிருப்பது இன்னும் பச்சையாகவே இருக்கும். இலை முழுதாக இருந்தவரை, ரோஸ்மாரினிக் அமிலம் செல்லின் வாக்குவோல் என்னும் நீர்ப்பையிலும், அதைத் தாக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி பசுங்கணிகத்திலும் தனித்தனியே அடைபட்டிருந்தன. அரைக்கும்போது சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது. கேட்டிகால்கள் குயினோன்களாக மாறி, அவை ஒன்றோடொன்று பிணைந்து பழுப்பு நிறமிகள் ஆகின்றன. நாம் கறுப்பு என்று முகம் சுளிக்கும் அந்த நிறம், ஆக்சிஜனேற்றத் தடுப்பி தன்னையே ஆக்சிஜனுக்குக் கொடுத்துத் தீர்ந்துபோனதன் அடையாளம். எலுமிச்சை பிழிந்தால் அமிலத்தன்மையால் நொதியின் வேகம் குறைகிறது. ஆனால் அதே அமிலம் பச்சையத்திலுள்ள மெக்னீசியத்தை வெளியேற்றி, பளிச்சென்ற பச்சையை ஆலிவ் நிறத்துக்கு மாற்றிவிடும். கொதிநீரில் சில நொடிகள் இலையை முக்கியெடுத்து உடனே குளிர்ந்த நீரில் போட்டுவிட்டு அரைப்பவர்கள் நொதியையே செயலிழக்கச் செய்துவிடுகிறார்கள். அதனால் நிறமும் நிற்கிறது, அமிலமும் பெருமளவு மிஞ்சுகிறது. எலுமிச்சையைப் பரிமாறும் நேரத்தில் பிழிந்துகொள்வதே இரண்டுக்கும் நல்லது.

ரோஸ்மாரினிக் அமிலம் நீரோடு இணங்கிப்போகும் சேர்மம். ஆகவே தேநீரில் நன்றாக இறங்கும். எண்ணெயில் அவ்வளவாகக் கரையாது. எண்ணெய்க்குள் புகுந்து வேலை செய்யும் சேர்மம் வேறு. ரோஸ்மேரியிலும் சேஜிலும் சேர்ந்திருக்கும் கார்னோசிக் அமிலமும், அது ஆக்சிஜனேற்றமடையும்போது உருவாகும் கார்னோசாலும்தான் அவை. இவை இரண்டும் கொழுப்பில் கரையும் டைட்டர்பீன்கள். இவற்றிலும் கேட்டிகால் வளையம் உண்டு. ஆனால் மூலக்கூறின் மற்றப் பகுதி கொழுப்போடு ஒட்டும் தன்மையுடையது. கார்னோசிக் அமிலத்தின் தனிச்சிறப்பு, அது ஒரு தனி உறுப்பைத் தணித்துவிட்டு மாறும்போது கிடைக்கும் கார்னோசாலும் மீண்டும் தணிக்கும் திறன் உடையதாயிருப்பது. அதிலிருந்து உருவாகும் ரோஸ்மனாலுக்கும் அத்திறன் உண்டு. ஒரு மூலக்கூறு ஒரு முறை மட்டும் பயன்பட்டு வீணாவதில்லை. புதினாவிலும் துளசியிலும் கற்பூரவல்லியிலும் இந்த வேதியியல் குறிப்பிடும்படியாக இல்லை. தாவரவியலாளர்கள் 2017-இல் ரோஸ்மேரியைச் சேஜ் செடிகளின் சால்வியா பேரினத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். இந்த வேதியியல் உறவைப் பார்த்தவர்களுக்கு அதில் வியப்பு இருந்திருக்காது.

கார்னோசிக் அமிலம் நமக்காக உருவானதன்று. மத்தியதரைக் கடலோரத்தின் கொளுத்தும் வெயிலிலும் நீரில்லாத கோடையிலும் ரோஸ்மேரிச் செடி நிற்க வேண்டியிருக்கிறது. இலைத்துளைகள் மூடியிருக்க, ஒளி மட்டும் இடைவிடாமல் வந்து விழும்போது, பசுங்கணிகம் பெற்ற ஆற்றலைச் செலவிட வழியில்லாமல் ஆக்சிஜனின்மேல் இறக்கிவிடுகிறது. தீவிர ஆக்சிஜன் வகைகள் அங்கே பெருகுகின்றன. பார்சிலோனாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வறட்சிக் காலத்து ரோஸ்மேரி இலைகளைத் தொடர்ந்து அளந்து, கார்னோசிக் அமிலம் குறைவதையும் அதன் ஆக்சிஜனேற்ற விளைபொருள்கள் கூடுவதையும் காட்டியிருக்கிறார்கள். அதாவது, செடி அந்தச் சேர்மத்தைத் தன் சொந்தப் பாதுகாப்புக்குச் செலவிடுகிறது. மேற்கு கேப் மாகாணத்தின் கடற்கரை மணல்மேடுகளில் உப்புக்காற்றிலும் வெயிலிலும் வளரும் பழுப்பு சேஜ் உள்பட, தென்னாப்பிரிக்காவில் இயற்கையாக உள்ள இருபதுக்கும் மேற்பட்ட சால்வியா சிற்றினங்கள் இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கவனத்தை ஈர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணெயிலும் கொழுப்பிலும் ரோஸ்மேரியின் ஆற்றல் முதன்முதலில் முறையாக அளக்கப்பட்டது 1952-இல். அமெரிக்காவில் சிப்பால்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 32 நறுமணப் பொருள்களைப் பன்றிக் கொழுப்பில் கலந்து, அது காறுவதை எவை எவ்வளவு தள்ளிப்போடுகின்றன என்று பார்த்தனர். ரோஸ்மேரியும் சேஜும் மற்றவற்றை எல்லாம் முந்திவிட்டன. அதன்பின் ரோஸ்மேரிச் சாறு உணவுத் தொழிலுக்கு வந்தது. வாசனை எண்ணெயை வடித்தெடுத்த பிறகு எஞ்சும் சக்கையிலிருந்துகூட அதைப் பிரித்தெடுக்கலாம். ஏனென்றால் கார்னோசிக் அமிலம் ஆவியாகிப் போவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் அதை ‘ஈ 392’ என்ற எண்ணுடன் உணவுச் சேர்பொருளாக ஏற்றது. அளவு வரம்பையும் கார்னோசிக் அமிலம், கார்னோசால் இரண்டின் கூட்டுத்தொகையிலேயே வகுத்தது. பொட்டலத்தில் ‘ரோஸ்மேரிச் சாறு’ என்று அச்சிட்டிருந்தால், பெரும்பாலும் அது சுவைக்காகச் சேர்க்கப்பட்டதன்று. கொழுப்பு காறாமல் இருக்கவே அது அங்கே இருக்கிறது.

நம் சமையலோடு இது நேரடியாகத் தொடர்புடையது. தென்னாப்பிரிக்க வீடுகளில் பெரிதும் புழங்குவது சூரியகாந்தி எண்ணெய். லினோலெயிக் அமிலம் மிகுந்த அந்த எண்ணெய், இரட்டைப் பிணைப்புகள் காரணமாக ஆக்சிஜனுக்கு எளிதில் இலக்காகிறது. ஒரு முறை பஜ்ஜியோ சமோசாவோ பொரித்த எண்ணெயை மூடி வைத்து மறுவாரமும் அதற்கே பயன்படுத்தும்போது எழும் அந்தக் காறல் நெடி, மேலே சொன்ன சங்கிலித் தொடரின் கடைசிக் கண்ணிகளிலிருந்து வருவது. அந்த எண்ணெயில் புதினா இலையைப் போட்டுப் பயன் அதிகம் இராது. ரோஸ்மேரிக்குத்தான் அங்கே வேலை இருக்கிறது. ஆனாலும் நீண்ட நேரப் பொரிப்பின் கடும் வெப்பத்தில் கார்னோசிக் அமிலமும் சிதைந்துவிடும் என்பதால், பழைய எண்ணெயை மீட்டுத்தரும் மருந்தாக அதை எண்ணக் கூடாது.

இறைச்சியில் சான்று இன்னும் வலுவானது. 2010-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்து ஆய்வாளர்கள், ரோஸ்மேரியும் ஓரிகானோவும் கிராம்பும் பட்டையும் உள்ளிட்ட மசாலாக் கலவை 11 கிராமுக்குச் சற்று மேல் எடுத்து, 250 கிராம் மாட்டிறைச்சியில் பிசைந்து வறுத்தனர். கொழுப்பு ஆக்சிஜனேற்றமடைந்ததைக் காட்டும் மாலோன்டைஆல்டிஹைடு என்னும் பொருள், மசாலா சேர்க்காத இறைச்சியைவிட அதில் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்திருந்தது. அதை உண்ட தன்னார்வலர்களின் குருதியிலும் சிறுநீரிலும்கூட அப்பொருள் குறைந்தது. இந்த முடிவைக் கூர்ந்து படிக்க வேண்டும். மசாலாவின் சேர்மங்கள் குருதிக்குள் போய்ப் போரிட்டதால் இது நிகழ்ந்தது என்று கொள்ளத் தேவையில்லை; வறுபடும் இறைச்சியிலேயே கெட்ட பொருள் உருவாகாமல் தடுத்ததால், உடலுக்குள் போக வேண்டியதே குறைந்துவிட்டது என்பதுதான் எளிய விளக்கம். கடும் நெருப்பில் இறைச்சி கருகும்போது உண்டாகும் ஹெட்டரோசைக்ளிக் அமின்கள் என்னும் புற்றுநோய் ஐயத்துக்குரிய பொருள்களும், ரோஸ்மேரிச் சாறு தடவிய இறைச்சியில் கணிசமாகக் குறைவதைக் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாரக்கடைசி தோறும் பிராய் நெருப்பு மூட்டும் நாட்டில், ஆட்டிறைச்சியில் ரோஸ்மேரியும் தைமும் சேர்த்து முன்கூட்டியே ஊறவைக்கும் வழக்கத்துக்குச் சுவையைத் தாண்டிய ஒரு நியாயம் இருக்கிறது. புதினாக் குடும்பத்தின் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளால் மனிதர்களுக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான நன்மை இதுவே என்பது என் கருத்து.

வாசனைக்கு வருவோம். இலையைக் கசக்கியவுடன் மணம் எழுவதால், அந்த மணமே மருந்து என்று எண்ணுவது இயல்பு. கற்பூரவல்லி இலையின் அடிப்பக்கத்தை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், மென்மயிர்களுக்கிடையே பளபளக்கும் சிறுசிறு உருண்டைகள் தெரியும். வாசனை எண்ணெயை அடைத்து வைத்திருக்கும் சுரப்பித் தூவிகள் அவை. விரல் பட்டதும் அவை உடைகின்றன. அந்த எண்ணெயில் பெரும்பாலும் இருப்பவை கார்வக்ரால், தைமால் என்னும் பீனால்கள், அதாவது பென்சீன் வளையத்தில் ஹைட்ராக்சில் தொகுதி கொண்ட சேர்மங்கள். தைம் செடியிலும் ஓம விதையிலும் மணப்பது இதே தைமால்தான். துளசியின் கிராம்பு மணத்துக்குக் காரணமான யூஜினாலும் ஒரு பீனால். பீனால் என்பதால் இவை ஹைட்ரஜனைக் கொடுக்க வல்லவை; ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கவும் செய்யும். ஆனால் மிட்டாயிலும் தைலத்திலும் குளிர்ச்சி தரும் மென்தால் பீனால் அன்று. பென்சீன் வளையமே அதற்குக் கிடையாது. நம் சமையலில் சேரும் புதினாவின் மணத்துக்குக் காரணமான கார்வோனும் அப்படியே. ஆகவே புதினாவின் வாசனையும் அதன் ஆக்சிஜனேற்றத் தடுப்பாற்றலும் வேறுவேறு சேர்மங்களைச் சார்ந்தவை. வாசனை முழுவதும் பறந்துபோன உலர் புதினாவிலும் ரோஸ்மாரினிக் அமிலம் எஞ்சியிருக்கலாம். மூக்கைத் துளைக்கும் புதினாத் தைலத்தில் அது அறவே இராது. ஆவியாகாத அமிலம் வடிகலத்திலேயே தங்கிவிடும்.

கற்பூரவல்லியைப் பற்றி இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறையை அடைந்தது முதல் இங்கு வாழும் தமிழர்கள், இருமலுக்கும் சளிக்கும் குழந்தைகளுக்குச் சாறெடுத்துக் கொடுக்கும் கற்பூரவல்லியை ஊரின் செடியாகவே கருதி வந்திருக்கிறார்கள். அதன் அறிவியல் பெயர் இந்தோனேசியாவின் அம்போன் தீவைக் குறிக்கிறது. ஆனால் அது இயற்கையாக வளரும் நிலப்பரப்பு கென்யாவிலிருந்து தெற்கே க்வாஸுலு-நட்டால் வரை நீள்கிறது. டர்பனுக்கு வடக்கே உள்ள புதர்க்காடுகளில் அது காட்டுச் செடி. இந்நாட்டு மண்ணுக்கு அது விருந்தாளி அன்று என்பதை அறியும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

இனி அளவைகளுக்கு வருவோம். ‘இந்த மூலிகையில் இத்தனை மடங்கு ஆக்சிஜனேற்றத் தடுப்பாற்றல்’ என்று வெளிவரும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சோதனைக் குழாய் இருக்கிறது. 1958-இல் பிளாய்ஸ் என்பவர் விவரித்த டி.பி.பி.எச். முறையில், ஊதா நிறம் கொண்ட ஒரு நிலையான தனி உறுப்பின் கரைசலில் இலைச்சாற்றை விடுகிறார்கள். ஊதா வெளிறினால் சாறு தடுப்பாற்றல் உடையது. மலிவான, விரைவான, பயனுள்ள சோதனை. இலைகளைத் தம்முள் ஒப்பிட ஏற்றது. ஆனால் அந்த ஊதாப் பொருள் நம் உடலில் எங்கும் கிடையாது. ‘ஓராக்’ என்னும் இன்னோர் அளவை ஒரு காலத்தில் விளம்பரங்களின் உயிர்நாடியாக இருந்தது. அந்த எண்களைத் தொகுத்து வெளியிட்டிருந்த அமெரிக்க வேளாண் துறை, அவை உடல்நலப் பயனைக் காட்டுவதாகத் தவறாகப் பயன்படுத்தப்படுகின்றன என்று கூறி, 2012-இல் அந்தப் பட்டியலையே தன் தளத்திலிருந்து நீக்கியது. ‘ஓராக்’ எண்ணை இன்றும் அச்சிட்டு விற்கும் மூலிகைப் பொருள்களை நான் நம்புவதில்லை.

உட்கொண்ட ரோஸ்மாரினிக் அமிலத்துக்கு என்ன நேர்கிறது என்பதை 2005-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று அளந்தது. புதினாக் குடும்பத்தையே சேர்ந்த பெரில்லா இலைச்சாற்றின் வழியாக 200 மில்லிகிராம் அமிலத்தை ஆறு ஆண்களுக்குக் கொடுத்தபோது, அதுவும் அதிலிருந்து உண்டான பொருள்களும் சேர்ந்து சிறுநீரில் வெளிவந்தது கொடுத்ததில் ஏறத்தாழ 6 சதவீதமே. அதிலும் பெரும்பகுதி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வெளியேறிவிட்டது. உறிஞ்சப்பட்ட சிறு பங்கையும் கல்லீரல் மெத்தில், சல்ஃபேட் முதலிய தொகுதிகளை ஒட்டி மாற்றிவிடுகிறது. கேட்டிகாலின் ஹைட்ராக்சில்கள் மூடப்பட்டால், அது சோதனைக் குழாயில் கண்ட பழைய மூலக்கூறு அன்று. குருதியில் ஏற்கெனவே இருக்கும் யூரிக் அமிலம், வைட்டமின் சி ஆகியவற்றின் அளவோடு ஒப்பிட்டால், ஒரு கோப்பைத் தேநீர் சேர்க்கும் பங்கு மிகச் சிறியது.

தடுப்பியைக் கூடுதலாக உட்கொண்டால் கூடுதல் நன்மை என்ற எண்ணத்தை உடைத்த சோதனையும் உண்டு. 1956-இல் டென்ஹாம் ஹார்மன் முன்வைத்த, தனி உறுப்புகளே முதுமைக்குக் காரணம் என்ற கருதுகோளின் ஈர்ப்பில் பல பெரிய ஆய்வுகள் நடந்தன. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடந்து 1994-இல் முடிவு வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை உட்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. பீட்டா கரோட்டின் புதினாக் குடும்பத்தின் தனிச்சொத்து அன்று. ஆனால் சோதனைக் குழாயிலிருந்து நேராக மாத்திரைக்குத் தாவியதன் விளைவை அது காட்டியது.

அப்படியானால் உடலுக்குள் இவற்றால் ஒன்றுமே இல்லையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. கார்னோசிக் அமிலத்தைப் பற்றி 2008 முதல் வெளிவந்த ஆய்வுகள் வேறொரு வழியைக் காட்டுகின்றன. செல்லுக்குள் அது ஆக்சிஜனேற்றமடைந்து குயினோனாக மாறியதும், கீப்1 என்னும் புரதத்தில் போய் ஒட்டுகிறது. அந்தப் புரதம் கட்டி வைத்திருந்த என்ஆர்எஃப்2 என்னும் இன்னொரு புரதம் விடுபட்டு, உட்கருவுக்குள் சென்று, குளூட்டாதயோன் முதலிய உடலின் சொந்தத் தடுப்பிகளை உருவாக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இங்கே இலையின் சேர்மம் தானே போரிடுவதில்லை. ஒரு சிறு உறுத்தலாகச் செயல்பட்டு உடலின் காப்பைத் தூண்டுகிறது. இவை செல்களிலும் விலங்குகளிலும் கண்டவை என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் இந்தத் துறையில் நம்பிக்கை வைக்கத்தக்க திசை இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே குளூட்டாதயோனை அழிக்கும் சேர்மமும் இதே குடும்பத்தில் உண்டு. பென்னிராயல் என்னும் புதினா வகையின் தைலத்தில் நிறைந்திருக்கும் புலிகோனைக் கல்லீரல் மென்தோஃபியூரனாகவும் வேறு நச்சுப் பொருள்களாகவும் மாற்றுகிறது. அவை குளூட்டாதயோன் இருப்பைக் காலி செய்து கல்லீரலைச் சிதைத்திருக்கின்றன; உயிரிழப்புகளும் நேர்ந்திருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் ஓடைக்கரைகளில் தானாக வளரும் காட்டுப் புதினாவின் சில வகைகளிலும் புலிகோனும் மென்தோஃபியூரனும் காணப்படுகின்றன. எப்போதாவது ஓர் இலையைத் தேநீரில் போடுவது வேறு. அதன் தைலத்தை வடித்துக் குடிப்பது வேறு. கர்ப்பிணிகள் அத்தைலத்தைத் தொடவே கூடாது.

இன்னொரு விளைவு நஞ்சு அன்று என்றாலும், நம் குடும்பங்களில் பலரைத் தொடுவது. கேட்டிகால்கள் இரும்பைப் பற்றிக்கொள்ளும் என்று முன்பு சொன்னது எண்ணெய்ச் சட்டியில் நன்மை. குடலில் அப்படியன்று. 1999-இல் ஹரெல், ரெட்டி, குக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ரொட்டி உணவோடு குடித்த பெப்பர்மின்ட் தேநீர் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதை 84 சதவீதம் குறைத்தது. கறுப்புத் தேநீரின் விளைவும் ஏறத்தாழ அதே அளவுதான். பாதிக்கப்படுவது பருப்பு, கீரை, தானியங்களில் உள்ள இரும்பு. இறைச்சியின் ஹீம் இரும்பை இந்தப் பிடிப்பு பெரிதாகத் தொடுவதில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்களில் மிகப் பலர் புரட்டாசி மாதம் முழுவதும் புலால் விலக்கி விரதம் காக்கிறார்கள். அந்த மாதத்தில் உணவில் கிடைக்கும் இரும்பெல்லாம் இந்த எளிதில் பிடிபடும் வகையைச் சேர்ந்தது. மாதவிடாய் மிகுதியால் சோகை உள்ள பெண்களும் வளரிளம் பெண்களும் விரத நாட்களில் புதினாத் தேநீரையோ துளசித் தேநீரையோ சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல், சாப்பாட்டுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது. பருப்பின் மேல் எலுமிச்சை பிழிந்துகொள்வதும், கொய்யா, ஆரஞ்சு போன்ற பழத்தை உணவோடு சேர்த்துக்கொள்வதும் உதவும். அவற்றின் வைட்டமின் சி இரும்பைக் கரையும் நிலையில் வைத்திருந்து, கேட்டிகால்களின் பிடியை ஓரளவு தளர்த்துகிறது.